ஆப்பிரிக்கானர் தேடிய தாயகம்

தமிழிலிருந்து பிறமொழிகளுக்குச் சென்ற சொற்களைத் தொகுத்து வந்த காலத்தில், 'கட்டில்' என்னும் சொல்லின் பின்னே நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான அச்சொல் போர்த்துகீசியரின் நாவில் ஏறிக் கடல் கடந்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியை அடைந்து, அங்கே 'காட்டெல்' என நிலைத்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்டு பிள்ளைகளோடு மாட்டுவண்டிகளில் புறப்பட்டுப் போன போயர்கள், வண்டிக்குள்ளே மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிக் கட்டிய படுக்கையை அப்பெயராலேயே அழைத்தனர். நம் பழந்தமிழில் கட்டில் என்பது படுக்கையையும் குறிக்கும். அரசன் அமரும் இருக்கையையும் குறிக்கும். அரசுகட்டில் என்னும் வழக்கை அன்பர்கள் அறிவர். வண்டியில் காட்டெல் கட்டிப் புறப்பட்ட அம்மக்கள் தேடிச் சென்றது அச்சொல்லின் இரண்டாவது பொருளை எனலாம். தம்மைத் தாமே ஆளும் ஓர் இடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

மொழியால் ஒன்றுகூடிய ஒரு வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் தென்னாப்பிரிக்க வெள்ளையரின் தாயகக் கோரிக்கைக்கு என்ன இடம் என்ற வினா எழக்கூடும். தாயகம், தன்னாட்சி, தாய்மொழி என்னும் மூன்று சொற்களும் ஒரு தமிழ் வாசகரின் குருதியை வேகமாக ஓடச் செய்வன. அச்சொற்களை நமக்கு உவப்பில்லாத ஒருவர் தம் கோரிக்கையாக முன்வைக்கும்போது நாம் எவ்வாறு எடை போடுவது? இந்த இக்கட்டே என்னை இக்கட்டுரைக்குள் இழுத்து வந்தது.

கி.பி. 1652-இல் யான் வான் ரீபெக் என்பவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் இறங்கினார். கிழக்கே செல்லும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் நன்னீரும் வழங்கும் நிலையம் அமைப்பதே நோக்கம். குடியேற்ற நாடு அமைப்பதன்று. 1657-இல் கம்பெனி ஊழியர் சிலர் விடுவிக்கப்பட்டு உழவர்களாயினர். டச்சு மொழியில் உழவரைக் குறிக்கும் 'போயர்' என்ற சொல்லே அவர்களுக்குப் பெயராயிற்று. அடுத்த ஆண்டிலேயே அடிமைக் கப்பல்கள் வரத் தொடங்கின. 1808 வரை ஏறத்தாழ 63,000 அடிமைகள் கொண்டுவரப்பட்டனர் என்றும், அவர்களுள் சுமார் கால்பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தினர் என்றும் ஆய்வாளர் மதிப்பிடுவர். மற்றையோர் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. கேப் ஆவணங்களில் அடிமைகளின் பெயருக்குப் பின்னே ஊர்ப்பெயர் ஒட்டியிருக்கும். 'வங்கத்துக்காரர்' என்றும் 'கோரமண்டலத்துக்காரர்' என்றும் காணப்படும் அப்பெயர்களைப் படிக்கும்போது, சோழமண்டலக் கரையின் எந்த ஊரில் பிறந்தவர்களோ என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

எசமானர் பேசிய டச்சு மொழியை இந்த அடிமைகளும், அம்மண்ணின் பழங்குடியினராகிய கோய்கோய் மக்களும் தத்தம் நாவுக்கேற்ப வளைத்துப் பேசினர். வினைத்திரிபுகள் உதிர்ந்தன, பால்வேறுபாடு மறைந்தது, மலாய்ச் சொற்கள் புகுந்தன. மிகுதியைக் குறிக்கும் அன்றாடச் சொல்லே மலாயிலிருந்து வந்தது. வாழைப்பழத்தின் பெயரும் அவ்வாறே. கறி, கட்டில் ஆகியவை நம் பக்கத்திலிருந்து சென்றன. அடுக்களையில் ஆயாவின் இடுப்பிலிருந்த எசமானரின் பிள்ளைகளும் அதையே பேசி வளர்ந்தனர். ஆகவே கற்றோர் அதனை 'அடுக்களைப் பேச்சு' என்று எள்ளினர். இம்மொழியில் எழுந்த தொடக்கால நூல்களுள் ஒன்று அரபு எழுத்தில் அமைந்த இசுலாமியச் சமயநூல் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அபூபக்கர் எஃபெந்தி என்பார் கேப் நகர முசுலிம்களுக்காக இயற்றிய அந்நூல் 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது.

அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1875-இல், பார்ல் என்னும் ஊரில் சில வெள்ளையர் கூடி 'உண்மை ஆப்பிரிக்கானர் சங்கம்' அமைத்தனர். 'உண்மை' என்ற அடைமொழி நோக்கத்தக்கது. மறு ஆண்டே தம் மொழியில் ஓர் இதழ் தொடங்கினர். இலக்கணமும் வரலாறும் வெளியிட்டனர். இழிவாக எண்ணப்பட்ட மக்கள்மொழியை எழுத்துமொழியாக உயர்த்திய அவர்களின் உழைப்பு எந்த மொழி ஆர்வலரும் போற்றத்தக்கது. ஆயினும் அம்மொழியைத் தங்களோடு சேர்ந்து படைத்தவர்களை அவர்கள் சங்கத்திற்குள் அழைக்கவில்லை. பின்னாளைய தாயகக் கோரிக்கையின் எல்லைக்கோடு அன்றே வரையப்பட்டுவிட்டது என்பது என் கருத்து.

இனி அந்த மாட்டுவண்டிகளுக்கு வருவோம். கேப் பகுதி 1806-இல் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1828-இல் கோய்கோய் மக்களுக்குச் சட்டத்தின்முன் சமநிலை தரப்பட்டது. 1834-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1835 முதல் ஆயிரக்கணக்கான போயர் குடும்பங்கள் எல்லை கடந்து வடக்கே சென்றன. 'பெரும் பயணம்' என்று அவர்தம் வரலாறு இதனைப் போற்றுகிறது. தலைவருள் ஒருவரான பீட் ரெட்டீஃப் 1837-இல் ஓர் அறிக்கை வெளியிட்டுக் காரணங்களை அடுக்கினார். அவருடைய உறவினரான அன்னா ஸ்டீன்காம்ப் அவரினும் வெளிப்படையானவர். அடிமைகள் விடுதலை பெற்றதைவிட, அவர்கள் கிறித்தவர்க்குச் சமமாக வைக்கப்பட்டதே தங்களால் பொறுக்கமுடியாமற் போயிற்று என்று அவ்வம்மையார் எழுதிவைத்தார். ஆதிக்கத்தைத் துறக்க மனமின்றிப் புறப்பட்டவர்கள் ஆங்கிலேய ஆதிக்கத்திலிருந்து விடுதலையும் நாடினர். இரண்டும் ஒரே வண்டியில் சென்றன.

சென்ற இடம் வெற்றிடமன்று. 1838 பிப்ரவரியில் சூலு மன்னர் டிங்கானேயின் ஆணையால் ரெட்டீஃபும் உடன்சென்றோரும் கொல்லப்பட்டனர். டிசம்பர் 16-இல் இன்கோமே ஆற்றங்கரையில் சூலு வீரர் ஆயிரக்கணக்கில் போயர் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். நட்டாலில் தோன்றிய குடியரசு 1843-இல் ஆங்கிலேயரால் விழுங்கப்பட்டது. 1852-இல் டிரான்ஸ்வாலும், 1854-இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டும் தன்னாட்சி பெற்றன. ஆப்பிரிக்கானர் நினைவில் 'இழந்த தாயகம்' என்பது இவ்விரு குடியரசுகளே.

இவ்விடத்தில் நம் மக்களின் கதை குறுக்கிடுகிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளை நட்டாலில் இறக்கியது. அவர்களின் வழியினரும், பின்னே வந்த வணிகரும் பிற பகுதிகளுக்குப் பரவலாயினர். 1891-இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் ஒரு சட்டம் செய்து, இந்தியர் அங்கே குடியிருக்கவும் வணிகம் செய்யவும் பயிரிடவும் தடை விதித்தது. அத்தடை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நின்றது. 1980களின் நடுவில்தான் நீங்கியது. டிரான்ஸ்வாலில் நம்மவர்க்கு நேர்ந்த இடர்கள் காந்தியடிகளின் போராட்ட வரலாற்றில் விரிவாக உள்ளன. சிறைசென்று நோயுற்று 1914 பிப்ரவரி 22-இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில்தான். தாயகம் என்ற சொல்லை அப்பெண் எந்த மண்ணைச் சுட்டிச் சொல்லியிருப்பார்?

ஆப்பிரிக்கானரின் துயரத்தை இலேசாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. 1886-இல் டிரான்ஸ்வாலில் தங்கம் கிடைத்தது. தங்கத்தின் பின்னே பேரரசு வந்தது. 1899 முதல் 1902 வரை நடந்த போரில், ஊடுருவித் தாக்கிய போயர்களை அடக்க ஆங்கிலேயத் தளபதி கிச்சனர் பண்ணைகளைத் தீக்கிரையாக்கினார். பெண்களும் குழந்தைகளும் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்மையும் வயிற்றுப்போக்கும் பசியும் சுமார் 28,000 உயிர்களைக் கொண்டுசென்றன. மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். எமிலி ஹாப்ஹவுஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி அம்முகாம்களை நேரிற்கண்டு தம் நாட்டு மனச்சான்றை உலுக்கினார். பின்னாளில் காந்தியடிகளுக்கும் ஸ்மட்சுக்கும் இடையே இணக்கம் ஏற்படத் துணைநின்றவரும் இவரே. முகாம்களில் மாண்டோர்க்கு 1913-இல் புளூம்பாண்டீன் நகரில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. கறுப்பர்களுக்கென இருந்த தனி முகாம்களிலும் குறைந்தது 14,000 பேர் மாண்டனர் என்பதை அந்தத் தூண் சொல்லவில்லை.

போருக்குப்பின் பள்ளிகளில் ஆங்கிலம் திணிக்கப்பட்டது. தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டனை பெற்ற பிள்ளைகளின் நினைவு ஒரு தலைமுறைக்கே வடுவாயிற்று. அந்த வடுவிலிருந்து கவிதை பிறந்தது. யான் செல்லியர்ஸ், டோட்டியஸ், லைபோல்ட், யூஜீன் மரைஸ் ஆகியோர் எரிந்த பண்ணையையும் இறந்த குழந்தையையும் குளிர்கால வெளியையும் பாடி, அடுக்களைப் பேச்சை இலக்கிய மொழியாக்கினர். 1925-இல் அது டச்சு மொழியின் இடத்தில் ஆட்சிமொழி ஆயிற்று. 1933-இல் விவிலியம் அம்மொழியில் வந்தது. அரை நூற்றாண்டில் இத்தகைய ஏற்றம் கண்ட மொழிகள் உலகில் சிலவே. மொழி ஆசிரியர் என்ற முறையில் இப்பகுதியைப் படிக்கும்போது பொறாமைகூட எழுவதுண்டு.

ஆனால் 1913-இல், நினைவுத்தூண் திறக்கப்பட்ட அதே ஆண்டில், நிலச்சட்டம் ஒன்று நாட்டின் பெரும்பான்மையரான கறுப்பர்க்கு ஏழு விழுக்காடு நிலத்தையே ஒதுக்கியது. பின்னர் அது பதின்மூன்றாக உயர்ந்தது. 1948-இல் மாலன் தலைமையில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து இனஒதுக்கலைச் சட்டமாக்கியது. பிரதமர் வெர்வூர்ட் வகுத்த திட்டப்படி ஒவ்வொரு கறுப்பினத்துக்கும் ஒரு 'தாயகம்' பங்கிடப்பட்டது. டிரான்ஸ்கே, போபுதட்ஸ்வானா, வெண்டா, சிஸ்கே என 1976 முதல் 1981 வரை நான்கு துண்டுகளுக்கு விடுதலை என்ற பெயர் சூட்டப்பட்டது. உலகில் வேறெந்த அரசும் அதை ஏற்கவில்லை. 1976 ஜூன் 16-இல், பள்ளிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் படிக்கவேண்டும் என்ற ஆணையை எதிர்த்துச் சொவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினர், போலீசார் சுட்டனர். தாய்மொழிக்காகத் தண்டிக்கப்பட்ட குழந்தைகளின் பேரர்கள் தம் மொழியைத் துப்பாக்கி முனையில் கற்பித்தனர். அதற்கு முந்திய ஆண்டுதான், 1975-இல், பார்ல் மலைச்சரிவில் ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்கு ஒரு மாபெரும் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டிருந்தது.

ஆட்சி முழுவதும் கையிலிருந்தபோது ஆப்பிரிக்கானர் ஏன் தமக்கெனப் பெரும்பான்மை உள்ள ஒரு நிலப்பகுதியை உருவாக்கிக்கொள்ளவில்லை? என் படிப்பில் மையமாகத் தோன்றிய வினா இது. விடை உழைப்பில் இருக்கிறது. வெள்ளையர் வாழும் பகுதி வெள்ளையர்க்கே என்றால், வயலிலும் சுரங்கத்திலும் சமையற்கட்டிலும் வெள்ளையரே பாடுபட வேண்டும். சாப்ரா என்னும் அமைப்பைச் சேர்ந்த ஆப்பிரிக்கானப் பேராசிரியர்கள் இதைத் தெளிவாகவே எடுத்துரைத்தனர். நாட்டின் பொருளாதாரம் கறுப்பர் உழைப்பின்மீது நிற்கிறது, ஆகவே முழுப் பிரிவினை நடைமுறைக்கு ஒவ்வாது என்று மாலன் 1950-இலேயே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உழைப்பவர் வேண்டும், அவர் குடிமகனாதல் கூடாது. ரெட்டீஃபின் வண்டி ஓட்டியவர்கள் தொடங்கி இந்த முரண் அவர்களை விட்டு நீங்கவேயில்லை. வெறும் கையோடு அவர்கள் பயணம் போகவில்லை, பணியாட்களும் உடன்சென்றனர்.

வெர்வூர்டின் மருமகனும் சாப்ராவின் தலைவராக இருந்தவருமான பேராசிரியர் காரல் போஷாஃப் இம்முரணை நேர்கொண்டு பார்த்த ஒருவர். மாமனார் பிறர்க்குத் தாயகம் பங்கிட்டார். மருமகன் தம்மவர்க்கு ஒன்று கேட்கும் நிலைக்கு வந்தார். வெள்ளையர் ஆட்சி நிலைக்காது என்று உணர்ந்து 1988-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1990 டிசம்பரில் ஏறத்தாழ நாற்பது குடும்பங்கள் சேர்ந்து, ஆரஞ்சு ஆற்றங்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு குடியிருப்பை விலைக்கு வாங்கின. அணை, கால்வாய்ப் பணியாளர்களுக்காக நீர்வளத்துறை 1960களில் கட்டிய ஊர் அது. ஒரானியா என்பது அதன் பெயர். அங்கே எஞ்சியிருந்த கலப்பின மக்கள் நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் தாய்மொழியும் ஆப்பிரிக்கான்ஸ்தான்.

பெரிய அளவிலான முயற்சி 1993-இல் நடந்தது. முன்னாள் படைத்தலைவர் கான்ஸ்டண்ட் வில்யூன் ஓய்விலிருந்து அழைத்து வரப்பட்டு ஆப்பிரிக்கானர் முன்னணிக்குத் தலைமை ஏற்றார். 'வோல்க்ஸ்டாட்', அதாவது மக்களின் நாடு, அவர்களின் முழக்கம். 1993 ஜூன் 25-இல் தீவிரவாதக் குழுவினர் பேச்சுவார்த்தை நடந்த கட்டடத்துக்குள் கவச வண்டியால் கண்ணாடியை உடைத்துப் புகுந்தனர். வில்யூனுடன் பிறந்த இரட்டையரான பிராம், இனஒதுக்கலை எதிர்த்த இறையியலாளர். அவர் வழியாகவே வில்யூனும் மண்டேலாவும் மறைவில் சந்தித்தனர். படை திரட்டும் வலிமை தமக்கிருந்தும், 1994 மார்ச்சில் போபுதட்ஸ்வானாவில் நேர்ந்த குழப்பத்தையும் உயிர்ச்சேதத்தையும் கண்டபின் வில்யூன் துப்பாக்கியை விடுத்து வாக்குப்பெட்டியைத் தேர்ந்தார். ஏப்ரல் 23-இல், தேர்தலுக்குச் சில நாட்களே இருக்க, ஆப்பிரிக்கானர் தன்னுரிமை பற்றிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைத் தேர்தல் காட்டட்டும் என்பது அதன் சாரம். வில்யூனின் கட்சிக்கு 2.2 விழுக்காட்டு வாக்கும் ஒன்பது இடங்களும் கிடைத்தன. ஆப்பிரிக்கானருள்ளேயே பெரும்பாலோர் அக்கட்சிக்கு வாக்களிக்கவில்லை.

உடன்படிக்கைப்படி இருபது உறுப்பினர் கொண்ட வோல்க்ஸ்டாட் மன்றம் அமைந்து, நிலப்படங்களை விரித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. ஆப்பிரிக்கானர் பெரும்பான்மையராய் வாழும் மாவட்டம் ஒன்றுகூட இல்லை என்பதே அவர்களை வாட்டிய உண்மை. நாடெங்கும் எசமானராய்ப் பரவியிருந்தவர்க்கு எங்கும் பெரும்பான்மை இல்லை. 2001-இல் மன்றம் ஓய்ந்தது. 1996-ஆம் ஆண்டு அரசமைப்பின் 235-ஆம் பிரிவு மட்டும், பொதுவான பண்பாடும் மொழியும் உடைய எந்தச் சமூகத்துக்கும் தன்னுரிமை என்னும் கருத்துக்கு இடமளித்து நிற்கிறது.

ஒரானியா நிலைத்தது. அவ்வூரின் முதல் விதி, எல்லா வேலையையும் தாமே செய்வது. செங்கல் அடுக்குவதும், தெரு கூட்டுவதும், தோட்டத்தில் கொட்டைகள் பொறுக்குவதும் ஆப்பிரிக்கானரே. பிறர் உழைப்பில் வாழ்ந்துகொண்டு தனி நாடு கேட்பதைவிட இது நேர்மையானது என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். 2001 கணக்கெடுப்பில் 519 பேரும் 2011-இல் 892 பேரும் அங்கு வாழ்ந்தனர். பின்னர் அத்தொகை இரண்டாயிரத்தைக் கடந்தது. 2004 முதல் 'ஓரா' என்னும் ஊர்ப் பணச்சீட்டும் வழங்குகிறது. ஊர் முழுதும் ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமை. குடியேற விரும்புவோர் நேர்காணலில் தேறிப் பங்கு வாங்க வேண்டும். மொழி தெரிந்தால் போதாது, ஆப்பிரிக்கானராகவும் இருக்கவேண்டும்.

இங்கேதான் எனக்கு அவர்களோடு முற்றிலும் முரண்பாடு. 2011 கணக்குப்படி ஆப்பிரிக்கான்ஸ் மொழியைத் தாய்மொழியாக உடையோர் சுமார் 68 லட்சம். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைகளின் வழிவந்த கலப்பின மக்கள்; வெள்ளையர் அவர்களினும் குறைவு. ஆடம் ஸ்மால் கேப் நகரத் தெருப்பேச்சிலேயே அம்மொழியின் சிறந்த கவிதைகளையும் நாடகங்களையும் படைத்தார். கலப்பினத்தவராகிய அவர் ஒரானியாவில் குடியிருந்திருக்க முடியாது. பிரைட்டன் பிரைட்டன்பாக் வெள்ளையர், அம்மொழியின் பெருங்கவிஞர், அவரை ஏழாண்டு சிறையில் வைத்தது ஆப்பிரிக்கானர் அரசு. இன்கிரிட் யோங்கரின் தந்தை தணிக்கையை ஆதரித்த ஆளுங்கட்சி உறுப்பினர். மகளோ படையினர் சுட்டுக் கொன்ற ஒரு கறுப்புக் குழந்தையைப் பாடினார். 1965-இல் கேப் நகரக் கடலில் தம்மை முடித்துக்கொண்டார். 1994 மே 24-இல், புதிய நாடாளுமன்றத்தில் மண்டேலா அப்பாடலை எடுத்து வாசித்தார். வேலி கட்டி மொழியைக் காக்க எண்ணியவர்கள், அம்மொழி தன் உயரங்களைத் தொட்ட இடமெல்லாம் வேலிக்கு வெளியே இருப்பதைப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

சிறுபான்மையாகிவிடுவோம், பேச்சு அழிந்துவிடும் என்ற அவர்களின் அச்சம் பொய்யன்று. 1994-க்குப்பின் ஆப்பிரிக்கான்ஸ் பதினோர் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாய் ஆங்கிலத்துக்கு மாறின. அந்த அச்சத்தை உணராத தமிழாசிரியர் இருக்க முடியாது.

1995 ஆகஸ்ட் 15-இல் மண்டேலா ஒரானியாவுக்குச் சென்றார். வெர்வூர்டின் மனைவி பெட்சி அம்மையார் அங்கே வாழ்ந்துவந்தார், வயது 94. தேநீர் அருந்தியபின் இருவரும் வெளியே வந்து செய்தியாளர் முன் நின்றனர். ஆப்பிரிக்கானர் தாயகக் கோரிக்கையைக் கனிவோடு கருதுமாறு வேண்டும் சிறு குறிப்பொன்றை அம்மையார் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எழுதி வைத்திருந்தார். கண்ணாடி கையில் இல்லை. எழுத்து புலப்படாமல் தடுமாறினார். அருகில் நின்ற மண்டேலா, சிறையில் தாம் கற்ற அந்த மொழியில், தாளை எட்டிப் பார்த்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். அம்மையார் அதைத் திருப்பிச் சொல்லி, வாக்கியத்தை முடித்தார்.